ஜெயித்த ஒற்றன், தோற்ற அரசு

அரசியல் த்ரில்லர் படங்களுக்கென்று ஒரு ஃபார்முலா உண்டு. ஆட்சித் தலைவரின் அலுவலகத்துக்குள் ஓர் ஒற்றன், கசியும் ஒரு ரகசிய ஃபைல், நாற்காலிக்காகக் காத்திருக்கும் ஒரு மந்திரி. கடைசி ரீலில் ஒற்றன் மாட்டிக்கொள்வான், நாடு பிழைத்துவிடும், நாமும் பாப்கார்ன் கவரைக் கசக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவோம்.

இந்த மூன்றும் நிஜமாகவே சேர்ந்து வந்த ஒரு கதை மேற்கு ஜெர்மனியில் நடந்தது. ஆனால் முடிவு மட்டும் வேறு. ஒற்றன் பிடிபட்ட பிறகுதான் ஆட்சித் தலைவர் வீழ்ந்தார். அவர் வீழ்ந்ததால் பெரிய நஷ்டம் ஒற்றனை அனுப்பியவர்களுக்கே! காமர்ஸ் படிக்கிற ஒருவனுக்கு இப்படி ஒரு லாப நஷ்டக் கணக்கு கிடைத்தால் சும்மா விடுவானா?

முதலில் கதாநாயகன். வில்லி பிராண்ட் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933-ல் நார்வேக்குத் தப்பி ஓடியவர். போருக்குப் பின் திரும்பி வந்து 1957 முதல் மேற்கு பெர்லினின் மேயராக இருந்தார். 1961-ல் அவர் கண் முன்னால்தான் பெர்லின் சுவர் எழும்பியது. 1969-ல் சான்சலர் ஆனார் (நம்மூர்க் கணக்கில் பிரதமர்).

அதுவரை மேற்கு ஜெர்மனியின் கொள்கை, கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடே இல்லை என்பதுபோல நடந்துகொள்வது. பிராண்ட் அதை மாற்றினார். பேசிப் பார்ப்போம் என்றார். 1970-ல் மாஸ்கோவோடும் வார்சாவோடும் ஒப்பந்தங்கள், 1971-ல் அமைதிக்கான நோபல் பரிசு, 1972 டிசம்பரில் கிழக்கு ஜெர்மனியோடு அடிப்படை ஒப்பந்தம். 1973-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஐ.நா. சபைக்குள் நுழைந்தன. கிழக்கு ஜெர்மனிக்கு உலகத்தில் ஒரு நாடு என்ற மரியாதை வந்தது இவரால்தான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் பின்னால் தேவைப்படும்.

இப்போது ஒற்றன். குந்தர் கியோம், அவர் மனைவி கிறிஸ்டல். 1956-ல் கிழக்கிலிருந்து தப்பி வந்த அகதிகளாக ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்து இறங்கினார்கள். மாமியார் பெயரில் ஒரு கடை. 1957-ல் பிராண்ட்டின் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியில் உறுப்பினர் அட்டை. போஸ்டர் ஒட்டுவதில் தொடங்கி எந்த வேலை சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்கிற தொண்டர். எல்லாக் கட்சியிலும் இப்படி ஒருவர் இருப்பார் இல்லையா? ஆனால் இவருக்குச் சம்பளம் கொடுத்தது ஸ்டாஸி, அதாவது கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை. அதன் வெளிநாட்டுப் பிரிவின் தலைவர் மார்க்கஸ் வோல்ஃப்.

பதினான்கு வருடம் பொறுமையாக ஏறி, 1970-ல் கியோம் சான்சலர் அலுவலகத்துக்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய பின்னணி பற்றி அப்போதே சந்தேகம் கிளம்பியது. கூப்பிட்டு விசாரித்தார்கள், அசராமல் பதில் சொன்னார், வேலை கிடைத்தது. 1972 தேர்தலுக்குப் பிறகு பிராண்ட்டின் நேரடி உதவியாளர்களில் ஒருவர் ஆகிவிட்டார். பயணங்களில் கூடவே ரயிலில் போகிற அளவுக்கு நெருக்கம்.

இடையில் நடந்த ஒன்று, சினிமாவில் வந்தால் நாம் நம்பவே மாட்டோம். 1972 ஏப்ரல் 27 அன்று பிராண்ட் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்ஸெலுக்குத் தேவை 249 ஓட்டு. கிடைத்தது 247. இரண்டே இரண்டு ஓட்டில் பிராண்ட் பிழைத்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் ஜூலியஸ் ஷ்டைனருக்கு 50,000 மார்க் கொடுத்தது நாங்கள்தான் என்று வோல்ஃப் பின்னாளில் சொன்னார். அதாவது பிராண்ட்டைக் காப்பாற்றக் காசு செலவழித்த அதே துறை, பிராண்ட்டின் அறைக்குள் ஒற்றனையும் வைத்திருந்தது!

மாட்டியது எப்படி? பிறந்தநாள் வாழ்த்தால். ஐம்பதுகளின் கடைசியில் ஸ்டாஸி தன் ஆட்களுக்கு ரேடியோவில் சங்கேதச் செய்திகள் அனுப்பியது. அதில் பிறந்தநாள் வாழ்த்துகளும் ஒரு குழந்தை பிறந்ததற்கான வாழ்த்தும் இருந்தன. மேற்கு ஜெர்மனி அந்தச் சங்கேதத்தை உடைத்து, யாருக்கு வந்தது என்று தெரியாமலேயே ஃபைலில் போட்டு வைத்திருந்தது. 1973-ல் ஓர் அதிகாரி அந்தத் தேதிகளை கியோம் குடும்பத்தோடு ஒப்பிட்டார். கணவன், மனைவி, மகன்... மூன்றும் பொருந்தின. பதினைந்து வருடம் கழித்து ஒரு வாழ்த்து ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

1973 மே 29 அன்று உளவுத் தடுப்புத் துறையின் தலைவர் நோலாவ் உள்துறை மந்திரி கென்ஷரிடம் விஷயத்தைச் சொன்னார். பிராண்ட்டுக்கும் தகவல் போனது. ஆனால் நீதிமன்றத்தில் நிற்கிற ஆதாரம் போதாது, அதனால் ஆளை அதே இடத்தில் விட்டு வையுங்கள், நாங்கள் கண்காணிக்கிறோம், நீங்கள் ஒன்றும் தெரியாதது போல இருங்கள் என்பதுதான் பிராண்ட்டுக்குக் கிடைத்த யோசனை.

பிராண்ட் அப்படியே இருந்தார். அந்த ஜூலையில் நார்வேக்கு விடுமுறைக்குப் போனபோது கூட வந்த உதவியாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? கியோம்தான். தலைநகர் பானிலிருந்து வந்த ரகசியத் தந்திகள் அவர் கை வழியாகத்தான் பிராண்ட்டுக்குப் போயின. ஒரு நாட்டின் தலைவரையே தூண்டில் புழுவாக்கி, மீன் எப்போது கடிக்கும் என்று பதினோரு மாதம் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

1974 ஏப்ரல் 24 விடியற்காலையில் கைது. அப்போதும் ஆதாரம் பலமாக இல்லை. கியோம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வழக்கு தள்ளாடியிருக்கும். ஆனால் மனிதர் கதவருகே நின்று, தான் கிழக்கு ஜெர்மனி ராணுவத்தின் அதிகாரி, அந்த மரியாதையோடு நடத்த வேண்டும் என்று தானே சொல்லிவிட்டார். திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: சந்தேகம் வராத தோற்றம், பார்த்தால் அஞ்சாத கண், என்ன ஆனாலும் ரகசியத்தை விடாத வாய். கியோம் முதல் இரண்டிலும் நூற்றுக்கு நூறு, மூன்றாவதில் அவுட்!

அடுத்து ஆசை வருகிறது. பிராண்ட் ஏற்கெனவே பலவீனமாக இருந்தார். 1973 எண்ணெய் நெருக்கடியால் விலைவாசி ஏறியிருந்தது. 1974 தொடக்கத்தில் அரசு ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்து 11 சதவீதச் சம்பள உயர்வு வாங்கியிருந்தார்கள். கட்சியின் பலம் வாய்ந்த தலைவர் ஹெர்பர்ட் வேனர் மாஸ்கோவுக்குப் போய் அங்கேயே பத்திரிகையாளர்களிடம் பிராண்ட்டை மட்டம் தட்டிப் பேசியிருந்தார். கைதுக்குப் பின் பாதுகாவலர்களை விசாரித்ததில் பிராண்ட்டின் அந்தரங்க வாழ்க்கை விவரங்களும் ஃபைலுக்குள் வந்துவிட்டன. இதை வைத்துக் கிழக்கு மிரட்டினால் என்ன ஆகும் என்ற பேச்சு எழுந்தது. மே 6 அன்று பிராண்ட் ராஜினாமாக் கடிதம் எழுதினார். மே 16 அன்று ஹெல்முட் ஷ்மிட் சான்சலர் ஆனார்.

சரி, கணக்கை எழுதலாம்.

கிழக்கு ஜெர்மனியின் வரவு: சான்சலர் அலுவலகத்துக்குள் நான்கு வருட நுழைவு. நார்வேத் தந்திகளாவது கிடைத்ததா என்றால், அந்தப் படச்சுருளைக் கொண்டுவந்த தூதுப்பெண் பின்தொடரப்படுகிறோம் என்று பயந்து ரைன் நதியில் எறிந்துவிட்டார் என்கிறார் வோல்ஃப். செலவு: தங்களோடு பேசத் துணிந்த, தாங்களே காசு கொடுத்துக் காப்பாற்றிய மனிதரின் பதவி. பிராண்ட்டை வீழ்த்துவது எங்கள் நோக்கமே இல்லை, அது எங்களுக்கே பெரிய அடி என்று வோல்ஃப் பிறகு ஒப்புக்கொண்டார்.

மேற்கு ஜெர்மனியின் வரவு: ஓர் ஒற்றர் தம்பதி. கணவருக்கு 13 வருடம், மனைவிக்கு 8 வருடம் தண்டனை. 1981-ல் கைதிகள் பரிமாற்றத்தில் இருவரும் கிழக்குக்குப் போய்விட்டார்கள். செலவு: ஒரு சான்சலர். ஒற்றனை விட்டு வைத்த பதினோரு மாதத்தில் அந்தத் துறைக்குப் பொறுப்பான கென்ஷர் என்ன ஆனார் தெரியுமா? புதிய மந்திரிசபையில் வெளியுறவு மந்திரி, துணை சான்சலர்! 1992 வரை, நடுவில் சில நாள் தவிர, வெளியுறவுத்துறை அவரிடம்தான் இருந்தது.

எந்தப் பேரேட்டிலும் வராத செலவு ஒன்றும் உண்டு. போலீஸ் வந்த அந்தக் காலையில் கியோமின் மகனுக்கு வயது பதினேழு. அப்பாவும் அம்மாவும் யார் என்பது அவனுக்குத் தெரிந்தது அன்றுதான். அவன் பிறந்ததற்கு வந்த வாழ்த்தே பெற்றோரைப் பிடிக்கும் தடயம் ஆனது.

ரகசியம் என்பது ஒரு சொத்து என்று நினைத்துத்தான் அரசுகள் அதைத் திருடுகின்றன. ஆனால் அந்தத் திருட்டு வெளியே வரும் நாளில் என்ன செலவாகும் என்று முன்கூட்டியே யாரும் ஒதுக்கீடு செய்வதில்லை. நம் அக்கவுன்டன்ஸி வகுப்பில் வாராக் கடனுக்குக்கூட ஒதுக்கீடு வைக்கச் சொல்லித் தருகிறார்கள்!

பிராண்ட் 1987 வரை கட்சித் தலைவராக இருந்தார். 1989-ல் சுவர் விழுந்ததைப் பார்த்துவிட்டு 1992-ல் காலமானார். ஸ்டாஸி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த முறை ஒரு அரசியல் த்ரில்லர் பார்க்கும்போது ஒற்றன் மாட்டினானா என்பதோடு நிறுத்தாதீர்கள் நண்பர்களே. அவன் மாட்டிய மறுவாரம் யாருக்கு எந்த நாற்காலி கிடைத்தது என்றும் பாருங்கள்.