தலைச்சுமையும் தழும்பும்

மலைவளம் நாட்டுக்கு இறங்கியபோதெல்லாம், சுமந்த உடலில் வடுவை விட்டே இறங்கியது. இதற்குச் சங்க இலக்கியமே சான்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மிளகுப்பொதி சுமந்துவரும் கழுதைச் சாத்தைக் காட்டுகிறார். பொதி அழுத்தித் தழும்பேறிய அவற்றின் முதுகைக் காட்டவும் அவர் தவறவில்லை. பிற்காலத்தில் மேற்கு மலையின் சுமையை மாந்தர் தாங்கினர். அவர்தம் தழும்பை எழுதியோரோ மிகச் சிலர்.

1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைப் பெற்றார். பின்னர்த் தேயிலை பரவிற்று. கங்காணிமார் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து நம் முன்னோரை அழைத்து வந்தனர். தொடக்கத்தில் போடிநாயக்கனூருக்கும் மூணாற்றுக்கும் இடையே பொதிமாடும் தலைச்சுமையுமே வண்டிகள். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழிறங்கும் கம்பிவடமும் இருந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இரயிலை அழித்தது. இயந்திரம் தேயிலைப் பெட்டியைச் சுமந்த நாளிலும், கொய்த கொழுந்தைச் சரிவிலிருந்து எடை போடுமிடம்வரை சுமப்பது பெண்களின் முதுகுக்கே எஞ்சியது.

கடும் உழைப்பு உடலை ஊறுபடுத்தும் முறை நோக்கத்தக்கது. குனிந்து நிற்கும்போது சுமை முதுகெலும்பிலிருந்து விலகுகிறது. விலகுந்தோறும் முதுகுத் தசை சுமையினும் பன்மடங்கு விசையைத் தாங்க வேண்டும். களைத்த தசை கால் வழுக்கும் நொடியில் விரைந்து உதவாது. மழையில் கொழுந்தின் எடை கூடுகிறது. மண்ணின் பிடி குறைகிறது. கூலியோ எடையைப் பொறுத்தது. ஆகவே களைப்பு மிகும் மாலையிலும் இன்னும் ஒரு கிலோவுக்காகக் கை நீள்கிறது. விழுவது ஒரு நொடியில் நிகழ்கிறது. அந்நொடியை ஆண்டுக்கணக்கான சுமை முன்னரே ஆயத்தம் செய்துவிடுகிறது.

சட்டம் கண்டது அந்த நொடியை மட்டுமே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பணியிடை விபத்துக்கு ஈடு வகுத்தது. அதன் தொழில்நோய்ப் பட்டியலில் ஈயமும் பாதரசமும் இடம்பெற்றன. தேய்ந்த முதுகு இடம்பெறவில்லை. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1967இல் சுமை வரம்பு பற்றி உடன்படிக்கை இயற்றியது. அதனுடன் வந்த பரிந்துரை, ஆடவர்க்கு 55 கிலோ என வரையறுத்தது. அவ்வுடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2010இலேதான்.

பாலக்காட்டு எல்லையை ஒட்டிய ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல், தாம் அறிந்த துயரங்களை 1969இல் ஆங்கில நாவலாக்கினார். ‘எரியும் பனிக்காடு’ என இரா. முருகவேள் அதனைத் தமிழாக்கினார். சட்டம் எழுதாததை ஒரு மருத்துவரின் கதை எழுதிற்று.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் ‘பெண்பிளை ஒருமை’ என ஒன்றுகூடி வீதிக்கு வந்தனர். 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்குமாறும், 20 விழுக்காடு போனஸ் வழங்குமாறும் கேட்டனர். போனஸ் கிட்டியது, கூலி 301 ரூபாயாயிற்று. ஆயின் நாளொன்றுக்கு எடுக்கவேண்டிய குறைந்த அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்தப்பட்டது. கூலியோடு சுமையும் ஏறிற்று என்பதை வரலாறு மறத்தலாகாது.

இன்று தேனி மாவட்டத்துப் பெண்கள் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டம் செல்கின்றனர். நாள் முழுதும் குந்தியிருந்து காய் எடுக்கின்றனர். அவர்தம் முழங்கால் வலிக்கும் பதிவேடு வேண்டும்.

அப்பதிவேட்டை நாமே தொடங்கலாம். லயத்து வீட்டில் வாழ்ந்த மூதாட்டியர் நம் குடும்பங்களில் இன்னும் உள்ளனர். எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டு, எத்துணைச் சுமை, எந்த மூட்டில் நோவு என்று கேட்டெழுதி இச்சங்கத்தில் சேர்ப்போமாக. கழுதையின் முதுகைக் கண்டு பாடிய மொழி, தன் தாயரின் முதுகைக் காணாதிருத்தல் தகுமோ?