துவாஸ் தொழிலாளர் குடும்பங்களில் குடும்பத் தலைமை

சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸ் தொழிற்பேட்டை விடுதிகளில் தங்கி உழைக்கும் தமிழ்நாட்டு ஆண்களின் ஊர் வீடுகளில், நடைமுறைத் தலைமையை மனைவியோ தாயோ ஏற்பது வழக்கம். வொர்க் பெர்மிட் எனும் வேலை அனுமதியில் சிங்கப்பூர் வருபவர் குடும்பத்தை உடன் அழைத்துவந்து வாழ முடியாது. பிரிவுக்கு இதுவே காரணம். வேலை முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனின் வட்டி, வயலுக்குக் கூலியாள், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பெண்ணின் பொறுப்பு. நிலப் பட்டாவோ பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கும். பொறுப்பைத் தந்து உரிமையைத் தராத ஏற்பாடு இது. கைம்பெண் தலைமையேற்ற வீட்டுக்கோ பெரும்பாலும் வெளிநாட்டுப் பணமும் வராது. இருவகை வீடுகளையும் பெண் தலைமை வீடுகள் என ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு. அரசின் ஏற்பாடுகளிலோ பெண் தலைமைக்கு இடமுண்டு: இந்தியாவின் 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டைக்கு 18 வயது நிறைந்த மூத்த பெண்ணையே தலைவராகக் கொள்கிறது. தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது.