கடைத்தெருவில் கோக்கப்பட்ட கணினி

இந்தியக் கணினி வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவும் அரசுக் கொள்கைகளின் வரலாறாகவுமே எழுதப்படுகிறது. 1976இல் எச்.சி.எல். தோன்றியது, 1978இல் ஐ.பி.எம். வெளியேறியது, 1984இல் புதிய கணினிக் கொள்கை வந்தது. டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை ஆகிய கடைத்தெருக்களுக்கு அதில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன.

1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனிக்கணினி, பெரிதும் சந்தையில் கிடைத்த பாகங்களால் ஆனது. அதன் தொழில்நுட்ப விவரங்களும் அச்சில் வெளிவந்தன. ஆகவே, அதனோடு ஒத்தியங்கும் கணினியைப் பிறரும் கோக்க முடிந்தது. 1990களில் இறக்குமதித் தீர்வை குறையக் குறைய, 'அசெம்பிள்டு' கணினி நடுத்தர வீடுகளை எட்டியது. அதன் மலிவில் ஒரு பங்கு, உரிமமற்ற மென்பொருளாலும் ரசீதில்லா விற்பனையாலும் வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

விளையாட்டுக் கணினி வாங்கும் இன்றைய மாணவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார். ஆயத்தக் கணினிக்கு முழுமைக்கும் ஒரே உத்தரவாதம் உண்டு. தானே கோப்பவருக்குப் பாகந்தோறும் தனி உத்தரவாதம். எனினும், கோப்பதே எப்போதும் மலிவு என்பது விதியன்று. 2021இல் சில்லுத் தட்டுப்பாட்டாலும் மறையீட்டு நாணய அகழ்வாலும் கிராபிக்ஸ் கார்டுகளின் விலை ஏறியபோது, ஆயத்தக் கணினியே பலருக்குச் சிக்கனமாயிற்று. விலைச் சாதகம் காலத்தோடு மாறுவது. பழுதுபார்க்கவும் படிப்படியாக மேம்படுத்தவும் தெரிந்த அறிவே கடைத்தெரு விட்டுச்சென்ற நிலையான செல்வம்.

முத்திரையற்ற அக்கணினிகளுக்கு நிறுவன ஆவணக்காப்பகம் இல்லை. கோத்தவர்களின் நினைவுகளும் கடைக் கணக்கேடுகளும் இப்போதே திரட்டப்படாவிடில், இந்தியர் பலர் முதன்முதலில் தொட்ட கணினி வரலாற்றில் இடம்பெறாமலே போகும்.