பழைய நிரலும் புதிய பொறியும்

ஓர் இயங்குதளத்திற்கென எழுதப்பட்ட மென்பொருள் வேறோர் இயங்குதளத்தில் ஓடாது என்பதை நம் காலனி அன்பர்கள் பலரும் அறிவர். காரணம் எளிது. மென்பொருள் எதுவும் தனித்து நின்று தொழில் புரிவதில்லை. கோப்பைத் திறக்கவும், திரையில் எழுதவும், அச்சிடவும் அது இயங்குதளத்தையே ஏவுகிறது. அந்த ஏவல்முறை தளத்திற்குத் தளம் வேறுபடும். பொறியின் அடிப்படைக் கட்டளைகளும் பொறிக்குப் பொறி வேறுபடும். அகலப்பாதை வண்டி மீட்டர் பாதையில் ஏறாதது போன்றதே இது. இரு பாதைகளும் சந்தித்த நிலையங்களில் சரக்கு முழுவதையும் இறக்கி, மறுவண்டியில் ஏற்றிய காலத்தை இரயில்வே மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மென்பொருள் உலகில் அவ்வாறு இறக்கி ஏற்றுவதென்றால், எழுதியவை அனைத்தையும் மீண்டும் எழுதுவதாகும்.

இந்த இடர்ப்பாடு 1960களில் பெரிய அளவில் எழுந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1959-ல் வெளியிட்ட 1401 என்னும் கணிப்பொறி உலகெங்கும் 10,000க்கு மேல் பரவியது. நமது இந்திய இரயில்வேயும் 1960களில் அதனை நிறுவிச் சம்பளப் பட்டியல் முதலிய கணக்குகளைப் போட்டது. 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் போட்டியாக ஒரு பொறியை அறிவித்து, 1401 நிரல்களைத் தன் பொறிக்கேற்ப மாற்றித்தரும் மென்பொருளையும் உடன் அளித்தது. அதன் பெயர் ‘லிபரேட்டர்’. அதாவது, விடுதலை தருவோன்!

1964 ஏப்ரல் 7-ஆம் நாள் ஐ.பி.எம். தனது சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதன் கட்டளைகள் 1401-க்கு முற்றிலும் மாறானவை. ஆயினும், பழைய நிரல்களைக் கைவிட்டால் வாடிக்கையாளர் தன்னைக் கைவிடுவர் என்பதை அந்நிறுவனம் உணர்ந்திருந்தது. ஆகவே மாடல் 30 பொறிக்குள்ளேயே, 1401-ன் கட்டளைகளை ஏற்று நடக்கும் நுண்கட்டளைகளை அமைத்தது. இதற்கு ‘எமுலேஷன்’ என்று பெயர். பழைய நிரல் தன் சொந்த வீட்டில் இருப்பதாகவே எண்ணி, அயல்வீட்டில் ஓடியது.

நிற்க. 1993-ல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் என்போர் வேறொரு வழியைத் தொடங்கினர். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸ் தளத்தில் ஓட்டும் ‘வைன்’ என்பது அது. ‘வைன் ஓர் எமுலேட்டர் அன்று’ என்பதே அப்பெயரின் விரிவு. பொறி ஒன்றே ஆதலால் அதனைப் போல நடிக்க வேண்டியதில்லை. விண்டோஸை நோக்கி மென்பொருள் இடும் ஏவல்களை லினக்ஸின் ஏவல்களாக மாற்றித் தந்தாற் போதும். போதும் என்று சொல்வது எளிது, செய்வது அரிது. விண்டோஸின் மூலநிரல் வெளியார் கைக்கு எட்டாதது. எனவே அதன் நடத்தையை வெளியிலிருந்தே உற்றுநோக்கி, அதன் குறைகளையுங்கூட அப்படியே படைக்க வேண்டியிருந்தது. அக்குறைகளை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்களும் உண்டல்லவா? அலெக்ஸாண்டர் ஜூலியார் 1994 முதல் தலைமையேற்று நடத்திய இப்பணியின் 1.0 பதிப்பு வெளிவர 2008 ஜூன் ஆயிற்று. பதினைந்து ஆண்டு உழைப்பு!

இவ்வரலாறு கற்பிப்பது யாது? பொறி பழுதடையும்; தளம் மாறும்; ஆனால் அவற்றை நம்பி மனிதர் சேர்த்த உழைப்பு அவற்றோடு மடிய வேண்டியதில்லை. இடையில் நின்று மொழிபெயர்ப்பார் ஒருவர் வேண்டும், அவ்வளவே. பழைய மலர்களையும் உறுப்பினர் ஏடுகளையும் கணிப்பொறியில் வைத்திருக்கும் நம்மைப் போன்ற சங்கங்கள், கோப்புகளை மட்டுமன்றி அவற்றைத் திறக்கும் மென்பொருளையும் உடன் காத்தல் வேண்டும். பூட்டைக் காத்துச் சாவியைத் தொலைத்தல் அறிவுடைமை ஆகாது.