புகையானும் சிலந்தியும்

தஞ்சை ஜில்லாவில் 1960-ல் 'பாக்கேஜ்' திட்டம் வந்தது. விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் குடியானவர் வாசலில் இறக்கினார்கள். 1965-ல் ஆடுதுறை 27 வந்தது. ஜப்பான் நெல்லும் நம் நெல்லும் கலந்து பிறந்த பிள்ளை. 105 நாளில் அறுவடை. குறுவை கொழித்தது. அதை மறைப்பது நன்றிகெட்டதனம்.

ஆனால் மூட்டை கட்டியவர்கள் சிலந்தியை மறந்துவிட்டார்கள். புகையானைத் தின்பது சிலந்தி. மருந்தடித்ததும் அது செத்தது. தாளுக்குள் புகையான் இட்ட முட்டை பிழைத்தது. இதைக் கண்டுகொண்ட இந்தோனேஷியா, 1986-ல் 57 மருந்துகளை நெல்வயலுக்கு ஆகாதென்று விலக்கியது.

இன்று இரண்டு கட்சிகள். தூரை விலக்கி எண்ணிப் பார், தண்டுக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்தடி, சிலந்தியும் இருந்தால் இரண்டு வரை பொறு என்பது ஒருங்கிணைந்த முறை. மருந்தே வேண்டாம், கொளுஞ்சியும் ஆட்டுக்கிடையும் போதும் என்பது இயற்கை முறை. இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார், 2013-ல் கண்மூடும்வரை ஊர்ஊராய்ச் சொன்னது இதைத்தான்.

எது உசத்தி? முறை மாறும் வருஷங்களில் மகசூல் குறைந்தால் நிலச்சொந்தக்காரர் தாங்குவார். குத்தகைக்காரர் என்ன செய்வார்? பேசிய குத்தகை நெல்லை அளந்தே ஆகவேண்டுமே! அவருக்கு இயற்கை முறையை உபதேசிக்குமுன், அந்தக் குத்தகையில் கொஞ்சம் தள்ளிக்கொடுக்க யாராவது முன்வரட்டும். அதுவரை அவர் சிலந்தியை எண்ணிக்கொண்டு வரப்பில் நிற்பதே விவேகம் என்று எனக்குத் தோன்றுகிறது.