ஆமைக்கு ஏற்ற மீன்

வளர்ப்பு ஆமைக்கு எந்த மீனைக் கொடுப்பது என்ற கேள்வியில் வரலாறு எங்கே வந்தது என்று நீங்கள் வியக்கலாம். கிருஷ்ணன்கோவில் பக்கத்தில் சந்தைக் கூடைகளைப் பார்த்தாலே அது விளங்கும். அவற்றில் கிடக்கும் மீன்களுள் இரண்டு, என் பாட்டனார் இளைஞராயிருந்தபோது இந்நாட்டில் இல்லாதவை. சாதாக்கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. சமவெளிக்கு ஏற்ற மற்றோர் இனம் 1957-இல் பாங்காக்கிலிருந்து வந்தது. ஜிலேபிக் கெண்டை என நாம் அழைக்கும் திலாப்பியா 1952-இல் வந்து சேர்ந்தது. பெயரில் இரண்டும் கெண்டையே. ஆயினும் ஆமையின் வயிற்றில் இரண்டும் ஒன்றல்ல.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க உதவியவை நரிகள். 1932-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் தோலுக்காக வளர்க்கப்பட்ட நரிகள் பச்சைக் கெண்டைமீனைத் தின்றுவந்தன. நரிகள் தள்ளாடின, கைகால் முடங்கின, மாண்டன. உணவு குறையவில்லை, வயிறு நிறைந்தே இருந்தது. 1940-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் காரணத்தைத் தெளிந்தார்கள்: உயிர்ச்சத்து பி-1 எனும் தயமினைச் சிதைக்கும் நொதி ஒன்று அம்மீனிலேயே இருந்தது. அதனைத் தயமினேஸ் என்பர். தயமின் இன்றேல் நரம்பு தளரும். ஜாவாவில் ஐக்மன் 1890-களில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளிடம் கண்டதும் அதே குறைபாடுதான். அங்கே சத்து தவிட்டோடு போயிற்று. இங்கே உண்ட மீனே சத்தை அழித்தது. இவ்விரண்டாவது வகை எனக்கு எப்போதும் திகிலூட்டும்.

இந்நொதி வேகவைத்தால் அழியும். பனிக்கட்டியில் உறைய வைத்தால் அழியாது. சாதாக்கெண்டை, தங்கமீன், நெத்திலி ஆகியவற்றில் இது உண்டு. திலாப்பியாவில் இல்லை எனக் கருதப்படுகிறது. ஆகவே, விலை மலிவென்று தங்கமீனையோ சாதாக்கெண்டையையோ பச்சையாக நாள்தோறும் இடுவது தகாது. திலாப்பியாவை முதுகுத்துடுப்பின் முள்ளை நறுக்கிவிட்டு, எலும்போடு இடலாம். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து அந்த எலும்பில்தான் உள்ளது. சதைத்துண்டு மட்டும் போதாது. கருவாடு உப்பால் கெடுக்கும். (எங்கள் ஊரில் கருவாட்டை மறுக்கும் பிராணி உண்டா என்பது வேறு கேள்வி!)

பெரிய ஆமைக்கு மீன் அதிகம் வேண்டும் என்பதும் தவறான எண்ணமே. அமெரிக்காவிலிருந்து வந்த செங்காது ஆமை குட்டியாயிருக்கையில் ஊனை மிகுதியாக நாடும். ஓர் அடி நீளம் நெருங்கும் வயதிலோ இலைதழைகளையே பெரிதும் உண்ணும். அதற்கு மீன் துணையுணவேயன்றி முழுவுணவு அன்று. அதனைக் கண்மாயில் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு ஆமைகளின் இடத்தைப் பறித்துக்கொள்ளும்.

நம் கண்மாயின் பால் ஆமையைப் பிடித்துக் கிணற்றிலோ தொட்டியிலோ வளர்க்கலாமா எனச் சிறுவர் என்னைக் கேட்பதுண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். பெரிய ஆமைகளை அருகில் காண விரும்புவோர், 1976-இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நிறுவப்பெற்ற முதலைப் பண்ணைக்குச் செல்லலாம். முதலைகளோடு பல இன ஆமைகளும் அங்கே வாழ்கின்றன.