பெயர் தேடிய செவிகள்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசை, 1920-களில் இசைத்தட்டுக்களின் வழியே கடல் கடந்து பரவிற்று. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அதன் நடுவே ஒட்டிய தாளில் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் காணப்படும். டிரம்பெட் ஊதியவர் யார், பியானோ வாசித்தவர் யார் என்பது பெரும்பாலும் இராது. வாசித்த கலைஞர் அன்றைய ஊதியத்தோடு மறக்கப்பட்டார்.

1932-இல் பாரிஸ் நகரில் 'ஹாட் கிளப் டி பிரான்ஸ்' என்னும் ரசிகர் சங்கம் தோன்றிற்று. அதன் உறுப்பினர் கூடியமர்ந்து இசைத்தட்டுக்களைக் கேட்டனர்; கேட்டதைப் பற்றி வாதிட்டனர். ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்த நாதமும் நடையும் உண்டல்லவா? அவற்றைக் கொண்டே, ஊதியவர் இன்னார் என ஊகித்தனர். ஊகம் மட்டும் போதுமா? இசைவாணர்களையே வினவி உறுதி செய்வதும் வேண்டியிருந்தது.

இவ்வுழைப்பின் கனியாக, அச்சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் டெலோனே 1936-இல் 'ஹாட் டிஸ்காகிரபி' என்ற நூலை வெளியிட்டார். எத்தட்டு எப்போது பதிவாயிற்று, எக்கருவியை யார் வாசித்தார் என அது நிரல்படுத்திற்று. பிழைகள் இல்லாமல் இல்லை. பிந்திய பதிப்புக்கள் அவற்றைத் திருத்தின.

ஏடுகளும் கல்வெட்டுக்களும் மட்டுமே வரலாற்றுச் சான்று என எண்ணுகிறோம். மூன்று நிமிட ஒலியும் சான்றே. அதைப் பன்முறை செவிமடுத்து, தம்முள் வாதிட்ட ரசிகர் கூட்டத்தால்தான் பல கலைஞரின் பெயர்கள் இன்று நமக்குக் கிடைத்துள்ளன.